பெயர் போடாத ரிப்போர்ட்

காலை எட்டரை மணிக்கு அழைப்பு மணி அடித்தது. கொரியர் வந்திருக்கும் என்று நினைத்து, கையெழுத்துப் போடப் பேனாவோடு போய்க் கதவைத் திறந்தாள் பெரியவள். வாசலில் நின்றவன் அவள் தம்பி. போன வார அத்தியாயத்தில் அவளை அந்த இடத்தில் அப்படியே நிறுத்திவிட்டுப் போய்விட்டேன். ஏழு நாளாகப் பேனாவும் கையுமாக நிற்கிறாள், பாவம். முதலில் இரண்டு பேரையும் உள்ளே அழைத்துவிடுவோம்.

"என்னடா, திடீர்னு?"

"மாமா வரச் சொன்னாரு." சின்னவன் கார் சாவியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தான். "உள்ள வரலாமா, இல்ல இங்கயே நின்னு கேள்வி கேட்டுட்டுக் கிளம்பவா?"

அவள் திரும்பிப் பார்த்தாள். மாமா என்று சொல்லப்பட்டவர், அதாவது அவள் கணவர், ஃப்ரிட்ஜுக்குள் தலையை விட்டுக்கொண்டு எதையோ மும்முரமாகத் தேடுகிற மாதிரி பாவனை பண்ணிக்கொண்டிருந்தார்.

"என்னங்க, இது உங்க வேலையா?"

"வெண்ணெய் எங்க வச்ச?" என்றார் அவர், தலையை வெளியே எடுக்காமல்.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வரி. பெரியவளுக்கு வயது நாற்பத்தாறு. சாஃப்ட்வேர் தொழிலில் இருபத்திரண்டு வருடம். முதலில் நிரல் எழுதினாள், பிறகு நிரல் எழுதுகிறவர்களைக் கட்டி மேய்த்தாள். அவள் வேலை பார்த்த கம்பெனி அவள் பிரிவையே மூடிவிட்டது. அதற்குப் பிறகு இரண்டு கம்பெனிகளில் கடைசிச் சுற்று வரை போய்த் திரும்பி வந்தாள். இரண்டாவது இடத்தில் காரணமும் எழுதி அனுப்பினார்கள்: பதில்கள் எல்லாம் சரி, ஆனால் பதில் சொன்னவர் எப்படிப்பட்டவர் என்று எங்களால் கடைசி வரை கண்டுபிடிக்க முடியவில்லை. அதைப் படித்துவிட்டு அவள் ஒரு வாரம் யாரோடும் சரியாகப் பேசவில்லை.

இன்று மாலை நான்கு மணிக்கு மூன்றாவது இடம். என்ஜினியரிங் டைரக்டர் பதவி. எண்பது பேர் அவளுக்குக் கீழே வருவார்கள். இதுவும் கைவிட்டுப் போனால் இனி இந்த மாதிரிப் பதவிக்கு விண்ணப்பமே போட மாட்டேன் என்று கணவரிடம் சொல்லியிருந்தாள். சொன்னால் செய்கிற ரகம் அவள்.

கணவர் பல் டாக்டர். புதன்கிழமை கிளினிக் கிடையாது, அதனால் இன்று முழுக்க வீட்டில். சின்னவன் அவளைவிட ஆறு வயது இளையவன். ஒரு காலத்தில் அவள் டீமிலேயே வேலை பார்த்தான். பிறகு அந்தத் தொழிலுக்கே ஒரு கும்பிடு போட்டுவிட்டு, இரண்டு காரை வைத்து டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறான். அக்கா வீட்டுப் படி மிதித்து இரண்டு வருடம் எட்டு மாதம் ஆகிறது. தம்பி ஏன் வருவதில்லை என்று உங்களில் பலர் கேட்டு எழுதியிருந்தீர்கள். அவளைக் கேட்டால், "பாதியில விட்டுட்டு வந்தோமேன்னு அவனுக்குக் கூச்சம்" என்பாள். அதை அவள் மனதார நம்பினாள்.

மூன்று பேரும் சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ரொட்டி, வெண்ணெய், காப்பி. நடுவில் பத்து மஞ்சள் அட்டைகள்.

அட்டைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தத் தொழிலில் பெரிய பதவிக்கு ஆள் எடுக்கும்போது கணக்குப் போடச் சொல்ல மாட்டார்கள். கதை கேட்பார்கள். சொன்ன பேச்சைக் கேட்காத ஆளை எப்படிச் சமாளித்தீர்கள்? சரியாக வேலை செய்யாதவரிடம் அதை எப்படிச் சொன்னீர்கள்? எங்கே தோற்றீர்கள், அதிலிருந்து என்ன கற்றுக்கொண்டீர்கள்? ஒவ்வொன்றுக்கும் சொந்த அனுபவத்திலிருந்து ஒரு கதை, மூன்று நிமிடத்துக்குள் சொல்ல வேண்டும். பெரியவள் பத்துக் கதையைப் பத்து அட்டையில் எழுதி, மூன்று வாரமாக மனப்பாடம் பண்ணிக்கொண்டிருந்தாள். குளியலறையில்கூடக் கதை கேட்டது.

நேரம் பார்க்க டாக்டர் தன் கிளினிக்கிலிருந்து டைமர் கொண்டுவந்திருந்தார். பல் அச்சு எடுக்கும்போது வாய்க்குள் வைக்கிற கலவை இறுகுவதற்குள் வேலையை முடிக்க வேண்டுமே, அதற்காக வைத்திருப்பது. முறுக்கி விட்டால் மூன்றாவது நிமிடம் கிர்ரென்று அடிக்கும்.

"இத்தனை நாள் நான்தான் கேள்வி கேட்டேன், மச்சான்," என்றார் டாக்டர். "நான் கேட்டா சரியா வரலைங்கறா."

"பின்ன? 'உங்களுக்கு இந்தப் பிரச்சினை எவ்வளவு நாளா இருக்கு'ன்னு கேக்கறாருடா. நான் பதில் சொல்லிட்டே இருக்கும்போது வாயையே பாக்கறாரு. போன வாரம் பாதிக் கதையில நிறுத்தி, கீழ்ப்பல்லு ரெண்டு தேஞ்சிருக்குங்கறாரு."

"தேஞ்சிருக்கு. பயத்துல ராத்திரியெல்லாம் பல்லைக் கடிக்கறா."

சின்னவன் சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்பை அவள் கேட்டு இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. அட்டைகளை அவன் பக்கம் தள்ளினாள்.

"தலைப்பை மட்டும் பாத்துக் கேளு. தயவுதாட்சணியம் வேண்டாம்."

அவன் நாற்காலியை நிமிர்த்திப் போட்டுக்கொண்டான். ஆள் அப்படியே மாறிவிட்டான். முதல் கேள்விக்கே அவள் அசந்துபோனாள். அவள் சொன்னதை அப்படியே விடாமல், "அந்த முடிவை எடுக்க உங்களுக்கு என்ன தகவல் கையில இருந்தது?" என்று உள்ளே போனான். டீமில் இரண்டு பேர் விலகியதைச் சொன்னால், "அவங்க விலகினதுல உங்க பங்கு என்ன?" என்றான். இரண்டு இடத்தில் அவள் தடுமாறினாள், ஒரு இடத்தில் பிரமாதமாகச் சமாளித்தாள். டாக்டர் வாயில் ரொட்டியோடு தலையாட்டிக்கொண்டிருந்தார். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவனுக்கு இத்தனையும் இன்னும் மறக்கவில்லையே என்று அவளுக்கு ஆச்சரியம்.

ஏழாவது அட்டையை எடுத்தான். தலைப்பு: தோல்வி. தலைப்பைப் படித்தவன் அதற்குக் கீழே எழுதியிருந்ததையும் படித்தான்.

"உங்க டீம்ல நடந்த ஒரு பெரிய தோல்வியைச் சொல்லுங்க."

டாக்டர் டைமரை முறுக்கினார்.

இது அவள் பத்துக் கதைகளிலும் செல்லக் கதை. தண்ணீர் பட்ட பாடாக வரும். "நாலு வருஷம் முன்னாடி, ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அப்பாயின்ட்மென்ட் சாஃப்ட்வேர் பண்ணிட்டிருந்தோம். பழைய சிஸ்டத்துலேர்ந்து புதுசுக்குத் தகவலை மாத்தற நாள். அதுக்கு முன்னாடி ஒரு டெஸ்ட் ஓடும், நாப்பது நிமிஷம் ஆகும். அது முடியறதுக்குள்ள மாத்தற புரோகிராமை ஓட்டிட்டாங்க. ஒன்பதாயிரம் பேஷன்டுக்கு 'உங்கள் அப்பாயின்ட்மென்ட் ரத்து'ன்னு மெசேஜ் போயிடுச்சு. சரி பண்ண ரெண்டு நாள் ஆச்சு. அதுக்கப்புறம் நான் ஒரு வழக்கம் கொண்டுவந்தேன். தப்பு நடந்தா எழுதற ரிப்போர்ட்ல யார் பேரும் இருக்கக் கூடாது. யார் பண்ணாங்கன்னு தேடாம, எப்படி நடந்ததுன்னு மட்டும் தேடணும். அன்னிக்கு அதை ஓட்டின என்ஜினியரோட பேர் அதுல எங்கயும் வராது. அவரை நான் அப்படிப் பாதுகாத்தேன். பின்னாடி கம்பெனி முழுக்க அந்த வழக்கத்தை எடுத்துக்கிட்டாங்க."

இரண்டு நிமிடம் நாற்பது வினாடி. டாக்டர் கட்டை விரலை உயர்த்தினார்.

"அந்த என்ஜினியர் யாரைக் கேட்டு ஓட்டினான்?" என்றான் சின்னவன்.

"என்னது?"

"டெஸ்ட் முடியலைன்னு தெரிஞ்சும் ஓட்டியிருக்கான்ல. யாரையாவது கேட்டானா, இல்ல அவனாவே ஓட்டினானா? இன்டர்வியூல கேப்பாங்க. நானா இருந்தா கேப்பேன்."

டைமர் கிர்ரென்று அடித்தது. டாக்டர் அவசரமாக அதை அமுக்கினார்.

"அன்னிக்கு நீ மீட்டிங்குக்கு நடந்து போயிட்டிருந்த," என்றான் அவன். குரல் உயரவில்லை. "நான் ஃபோன் பண்ணேன். டெஸ்ட் பாதிதான் ஓடியிருக்கு, ஓட்டவா நிறுத்தவான்னு கேட்டேன். ஓட்டு, நான் பாத்துக்கறேன்னு சொன்ன."

அவளுக்குச் சுருக்கென்றது. நடந்த பாதை, கையிலிருந்த ஃபைல், காதில் இடுக்கிய ஃபோன், எல்லாம் ஞாபகம் வந்தது. மறந்திருந்தாள் என்று சொன்னால் பொய். நாலு வருடமாக அந்தப் பக்கம் போகாமல் சுற்றிப் போய்க்கொண்டிருந்தாள் என்பதுதான் சரி.

"ரிப்போர்ட்ல உன் பேரை நான் போடவே இல்லையேடா."

"போடல. 'அன்று பணியில் இருந்த என்ஜினியர்'னு போட்ட. அன்னிக்கு ட்யூட்டியில இருந்தது நான் ஒருத்தன்தான். ட்யூட்டி லிஸ்ட் காப்பி மெஷினுக்கு மேல ஒட்டியிருந்தது. காப்பி குடிக்கிற எல்லாருக்கும் தெரியும்." அட்டையை மேசையில் குப்புற வைத்தான். "அதுக்கப்புறம் நான் எதைத் தொட்டாலும் பின்னாடியிருந்து ஒரு குரல் வரும், 'டெஸ்ட் முடிஞ்சுதா?'ன்னு. ஒருத்தன் ஆரம்பிச்சான், அப்புறம் எல்லாரும். டீ குடிக்கப் போனாக்கூட. ஏழு மாசம்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீதான மேனேஜர்? ஒரு வரியில முடிஞ்சிருக்கும். நீயா எழுதுவன்னு பாத்துட்டே இருந்தேன்."

டாக்டர் இடித்த புளி மாதிரி உட்கார்ந்திருந்தார். சமாதானம் பண்ணி வைக்கலாம் என்று மனிதர் ஆசையாகத்தான் கூப்பிட்டார். இப்படிப் பூதம் கிளம்பும் என்று அவருக்குத் தெரியாது.

சின்னவன் எழுந்தான். "பதினோரு மணிக்கு ஒரு கிளாஸ் இருக்கு. மத்த ஒன்பதும் நல்லா இருக்குக்கா. வேகத்தைக் கொஞ்சம் குறைச்சுக்கோ." கோபமாகப் போகவில்லை. காப்பிக் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் போனான். அவன் கத்திவிட்டுப் போயிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

கதவு சாத்தியதும் கணவர் மேல் பாய்ந்தாள்.

"இன்னிக்குத்தானா உங்களுக்கு நாள் கிடைச்சுது? நாலு மணிக்கு இன்டர்வியூ! நாளைக்குக் கூப்பிட்டிருந்தா குடியா முழுகியிருக்கும்?"

"நல்லது பண்றதா நினைச்சேன்."

"நல்லாப் பண்ணீங்க!"

அவர் தட்டுகளை எடுத்துக்கொண்டு போனார். அறைக்குள் போய் உட்கார்ந்தவளுக்கு ஆத்திரம், அவமானம், அழுகை மூன்றும் கலந்து வந்தது. தம்பி மேல் கோபப்பட்டுப் பார்த்தாள், நிற்கவில்லை. கணவர் மேல் கோபப்பட்டுப் பார்த்தாள், அதுவும் நிற்கவில்லை. மிச்சம் இருந்தது ஒரே ஆள்தான்.

அந்த ரிப்போர்ட்டின் வாசகம் ஒவ்வொன்றும் அவளுக்கு மனப்பாடம். மனதிலேயே வாசித்துப் பார்த்தாள். நாங்கள் திட்டமிட்டோம், நாங்கள் கவனிக்கத் தவறினோம், நாங்கள் திருத்தினோம். பக்கம் முழுக்க நாங்கள். ஒரே ஒரு வரியில் மட்டும் தனியாக ஒரு ஆள் நிற்கிறான்.

ஏன் அப்படி எழுதினாள்? சொந்தத் தம்பிக்குச் சாதகமாக எழுதிவிட்டாள் என்று யாரும் நாக்கின் மேல் பல் போட்டுப் பேசிவிடக் கூடாது என்று அப்போது நினைத்தாள். அன்றைக்கு அது நியாயமாகத்தான் தெரிந்தது. அவனுக்கு அவளே கொடுத்த உத்தரவையும் சேர்த்து எழுதினால், தம்பியைக் காப்பாற்றப் பழியைத் தன் மேல் போட்டுக்கொள்கிறாள் என்பார்கள் என்றும் ஒரு சமாதானம். வேறு எந்த மேனேஜருக்கும் இப்படி ஒரு சமாதானம் கிடைத்திருக்காது. அந்தச் சமாதானத்துக்கு அடியில் பயம் இருந்தது. அது அவளுக்கு அப்போதும் தெரியும்.

பகல் ஒரு மணிக்கு டாக்டர் மெதுவாக எட்டிப் பார்த்தார்.

"அந்தக் கதைதான் சொல்லணும்னு என்ன இருக்கு? தோல்விக்கு வேற கதை இல்லையா?"

"ஒன்பதாவது அட்டை இருக்கு. புராஜெக்ட் ரெண்டு மாசம் லேட்டானது."

"அதைச் சொல்லு. யாருக்கும் ஒண்ணும் தெரியப் போறதில்ல. வேலை கிடைக்கட்டும், அப்புறம் மச்சான்கிட்ட நாம ரெண்டு பேரும் போய்ப் பேசிக்கலாம்."

தப்பான யோசனை என்று சொல்ல முடியாது. அவளும் அப்படித்தான் முடிவு செய்தாள். ஏழாம் அட்டையைக் கொண்டுபோய்ச் சமையலறையில் ஸ்பூன் வைக்கும் இழுப்பறையில் போட்டு மூடினாள். ஒன்பதாம் அட்டையை நான்கு முறை சொல்லிப் பார்த்தாள். இரண்டு நிமிடம் பத்து வினாடி. தொண்டையில் எங்கேயும் சிக்காமல் வழுக்கிக்கொண்டு போகிற கதை.

மூன்று மணிக்கு இறங்கித் தெருவுக்கு வந்தபோது, வாடகைக் கார் வரவேண்டிய இடத்தில் கூரை மேல் பலகை மாட்டிய டிரைவிங் ஸ்கூல் கார் நின்றது.

"மாமா ஃபோன் பண்ணாரு," என்றான் சின்னவன். "ஏறு."

மாடி ஜன்னலில் ஒரு திரைச்சீலை சட்டென்று மூடிக்கொண்டது. அந்த மனிதர் திருந்துகிற ஜாதி இல்லை.

அவள் அவன் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்தாள். இரண்டு தெரு தாண்டியதும் வண்டி குலுங்கி நின்றது. பின்னால் ஒருவன் ஹார்னை அலற விட்டான்.

"கால எடு, கால எடு! அது பிரேக்கு!"

குனிந்து பார்த்தாள். அவள் காலடியிலும் ஒரு பெடல் இருந்தது. பதற்றத்தில் அதன் மேல் குதிகாலை ஊன்றியிருக்கிறாள்.

"இங்க எதுக்குடா பிரேக்?"

"அது நான் உட்கார்ற சீட்டு. கத்துக்கறவங்க இந்தப் பக்கம், நான் அந்தப் பக்கம்." அவன் வண்டியை மறுபடி எடுத்தான். "போன மாசம் ஒரு அம்மா பால் வண்டியில கொண்டுபோய் முட்டிட்டாங்க. நான் அமுக்கறதுக்குள்ள டப்புனு ஆயிடுச்சு. போலீஸ் வந்து ஓட்டினது யாருன்னே கேக்கல. அந்தச் சீட்டுல யாருன்னுதான் கேட்டாங்க. கையெழுத்துப் போட்டுட்டு வந்தேன்."

"உனக்குக் கோபம் வரலையா?"

"எதுக்கு? போங்கன்னு சொன்னவன் நான்தான?"

சாதாரணமாகத்தான் சொன்னான். குத்திக்காட்டினான் என்றுகூடச் சொல்ல முடியாது. அவள் இரண்டு காலையும் சீட்டோடு சேர்த்து இழுத்துக்கொண்டாள்.

சிக்னலில் நின்றபோது அவள் மடியிலிருந்த அட்டைகளைப் பார்த்தான். "ஒன்பதுதான் இருக்கு. ஏழு எங்க?"

"ஸ்பூன் டிராயர்ல."

அவன் ஸ்டியரிங்கில் நெற்றியை முட்டிக்கொண்டு சிரித்தான். அவளுக்கும் சிரிப்பு வந்தது, கண்ணில் தண்ணீரோடு.

பதினோராம் மாடி. நீள மேசை, தண்ணீர் பாட்டில்கள், மூன்று பேர். நடுவில் முடியை ஒட்ட வெட்டிய நரைத்தலை அம்மாள். கம்பெனியின் தொழில்நுட்பம் முழுக்க அவர் பொறுப்பு. அதிகம் பேசாதவர், எழுதாதவர், சொல்கிறவர் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காதவர். ஆனாலும் பெரியவளுக்கு வாய் ஓடியது. முதல் நாற்பது நிமிடம் எண்ணெய் போட்ட மாதிரி போயிற்று. தம்பி கேட்ட கேள்விகளில் மூன்று அப்படியே வந்தன.

"உங்க டீமோட ஒரு தோல்வியைச் சொல்லுங்க," என்றார் அந்த அம்மாள்.

"ஒரு புராஜெக்ட் ரெண்டு மாசம் லேட்டாச்சு," என்று ஆரம்பித்தாள். நாலு வாக்கியம் அழகாக வந்து விழுந்தன. ஐந்தாவது வாக்கியம் நாக்கு நுனியில் தயாராக நின்றது. அவள் நிறுத்திவிட்டாள்.

"மன்னிக்கணும். இது நடந்தது உண்மைதான். ஆனா நீங்க கேட்டதுக்கு இது பதில் இல்ல. வேற ஒண்ணு சொல்றேன்."

சொன்னாள். ஆஸ்பத்திரி, ஒன்பதாயிரம் மெசேஜ், நடைபாதையில் தம்பியிடமிருந்து வந்த ஃபோன். ஓட்டு, நான் பாத்துக்கறேன். பெயர் போடாத ரிப்போர்ட். காப்பி மெஷினுக்கு மேல் ஒட்டியிருந்த ட்யூட்டி லிஸ்ட். மனப்பாடம் பண்ணாத கதை, அதனால் முன்னும் பின்னும் போயிற்று. மூன்று நிமிடம் எப்போதோ தாண்டிவிட்டது.

"அவர் உங்க தம்பிங்கறது ஆபீஸ்ல தெரியுமா?" என்றார் ஓரத்தில் இருந்தவர்.

"தெரியும். அதனாலதான் கறாரா இருக்கேன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அது பாதி. மீதி, பயந்துட்டேன்."

"அந்த ரிப்போர்ட்டை நீங்க அப்புறம் திருத்தினீங்களா?" இது நரைத்தலை அம்மாள்.

"இல்ல."

"ஏன்?"

"இன்னிக்குக் காலையில அவன் சொல்ற வரைக்கும் அதை நான் என்னோட சாதனைன்னு சொல்லிட்டிருந்தேன். உங்களுக்கு அனுப்பின விண்ணப்பத்துலயும் அப்படித்தான் எழுதியிருக்கேன். மூணாவது பக்கம்."

ஓரத்தில் இருந்தவர் மூன்றாவது பக்கத்தைப் புரட்டினார். அந்தத் தாளின் சத்தம் அவளுக்குப் பெரிதாகக் கேட்டது. போச்சு, எல்லாம் போச்சு என்று உள்ளுக்குள் ஒரு குரல் புலம்பியது.

"அந்த வழக்கத்தை இங்க வந்தா என்ன பண்ணுவீங்க? விட்டுடுவீங்களா?"

"விட மாட்டேன். ஒரு வரி சேர்ப்பேன். செய்யச் சொன்னது எந்த மேனேஜரோ, அவர் முதல் வரியில தன் பேரைத் தானே எழுதணும். மத்த யார் பேரும் வேண்டாம்."

அந்த அம்மாள் முதல் தடவையாகப் பேனாவை எடுத்து எதையோ குறித்துக்கொண்டார்.

"அவர் இப்ப எங்க இருக்கார்?"

"கீழ. காருல வெயிட் பண்றான்."

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "வழக்கமா உங்களுக்கு மேல இருந்த ஒருத்தர்கிட்டதான் விசாரிப்போம்," என்றார் அந்த அம்மாள். "உங்களுக்கு ஆட்சேபணை இல்லைன்னா, உங்களுக்குக் கீழ இருந்த ஒருத்தர்கிட்ட பேச விரும்பறோம். யாருன்னு நீங்களே சொல்லலாம்."

நல்லதாக நாலு வார்த்தை சொல்ல அவளுக்குப் பத்துப் பேர் இருந்தார்கள். வாய் நிறையப் புகழ்வார்கள். அவள் தம்பியின் நம்பரைச் சொன்னாள்.

சின்னவன் எதிர்ப்பக்கம் மரத்தடியில் வண்டியைப் போட்டிருந்தான். அவள் ஏறி உட்கார்ந்து, பிரேக்கில் படாமல் காலை மடக்கிக்கொண்டாள்.

"எப்படிப் போச்சு?"

"சொல்லிட்டேன்டா. ஏழாவது. நான்தான் ஓட்டச் சொன்னேன்னு."

அவன் முன் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நாலு வருஷம் லேட்டு," என்றாள். "தப்பு என் மேல. அதை அன்னிக்கே அந்த ரிப்போர்ட்ல எழுதியிருக்கணும். உன்னைத் தனியா நிறுத்திட்டேன்டா." அதற்கு மேல் முடியவில்லை, அழுதுவிட்டாள்.

அவன் டிஷ்யூ டப்பாவை எடுத்து நீட்டினான். "கத்துக்க வர்ற பாதிப் பேரு அழுவாங்க. அதுக்குத்தான் வச்சிருக்கேன்."

அப்போதுதான் அவன் ஃபோன் அடித்தது. தெரியாத நம்பர். அவன் ஃபோனைப் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான்.

"நீ குடுத்தியா?"

"குடுத்தேன். உனக்கு என்ன தோணுதோ அதைச் சொல்லு."

"ஹலோ? ஆமா, நான்தான்." கதவைத் திறந்து இறங்கினான். "தம்பிதாங்க. அதைவிட, அவங்க டீம்ல இருந்தவன். கேளுங்க." கதவைச் சாத்திவிட்டான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் நடந்தான், நின்றான், ஒரு கையை ஆட்டி எதையோ விளக்கினான். ஒரு வார்த்தைகூடக் காதில் விழவில்லை. கைப்பைக்குள் என்னவோ இடித்தது. எடுத்துப் பார்த்தால் டாக்டரின் டைமர். அவளுக்குத் தெரியாமல் போட்டு அனுப்பியிருக்கிறார். சும்மா இருக்க முடியாமல் முறுக்கினாள். கிர்ரென்று அடித்தது. மறுபடி முறுக்கினாள். அதுவும் அடித்து ஓய்ந்தது. அவன் இன்னும் பேசிக்கொண்டிருந்தான்.

நாலாவது தடவை அடிக்கும்போது அவள் பக்கத்துக் கதவு திறந்தது.

"இறங்கு. அந்தப் பக்கம் போ. நீ ஓட்டு."

"இந்த வண்டி எனக்குப் பழக்கமில்லையேடா!"

"அதான் நான் உட்கார்றேன்ல?"

இடம் மாறினார்கள். அவள் சீட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு சாவியைத் திருப்பினாள்.

"என்னடா சொன்ன அவங்ககிட்ட?"

"கேட்டதுக்கெல்லாம் சொன்னேன்."

"நல்லதா, கெட்டதா?"

"ரெண்டும்தான். அந்தம்மா விட மாட்டேங்கறாங்க, தோண்டித் தோண்டிக் கேக்கறாங்க." சீட் பெல்ட்டை மாட்டினான். "கடைசியா ஒண்ணு கேட்டாங்க. அதுக்கு மட்டும் நாளைக்குச் சொல்றேன்னுட்டேன்."

"என்ன கேட்டாங்க?"

"அவங்களுக்குக் கீழ திரும்ப வேலை பாப்பீங்களான்னு."

அவள் வண்டியை எடுக்க மறந்து அவனையே பார்த்தாள். "நாளைக்கா? இதுக்கு எதுக்குடா நாளைக்கு?"

"யோசிக்கணும்லக்கா. நாலு வருஷத்தை நாலு நிமிஷத்துல சொல்லச் சொன்னா எப்படி? வீட்டுக்குப் போலாம். மாமா சமைச்சு வைக்கிறேன்னாரு. அதைச் சாப்பிட்டுத் தப்பிச்சா யோசிக்கிறேன். கண்ணாடியப் பாரு, பின்னாடி பஸ்."

பஸ்ஸைப் போக விட்டு, விளக்கைப் போட்டு, அவள் மெதுவாக வண்டியைத் தெருவுக்குள் இறக்கினாள். அவன் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் வலது கால் மட்டும் பிரேக்குக்கு மேலேயே இருந்தது.